ஓவன் இல்லாத வீட்டிலும் ஆரஞ்சு சாக்லேட் கேக்!

குழந்தையின் பிறந்த நாள் நெருங்கிவிட்டால் வீட்டில் கேக் பேச்சு எழும். மாதக் கடைசியில் கடைக் கேக் வாங்கினால் பட்ஜெட்டில் துண்டு விழும். வீட்டிலேயே செய்யலாம் என்றால் ஓவன் கிடையாது. பத்தடிக்குப் பத்தடி அறையில் ஒரு காஸ் அடுப்பும் ஒரு பரணுமாகக் குடித்தனம் நடத்தும் தாராவி, சயான், செம்பூர்த் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றிலும் இது ஆண்டுதோறும் வரும் பிரச்சினைதான். கேசரி கிண்டித் தரலாம், பாயசம் வைக்கலாம். இரண்டும் நன்றாகவே இருக்கும். ஆனால், தோழர்கள் சுற்றி நிற்க, கத்தி வைத்து வெட்டுவதற்குக் குழந்தை கேட்பது கேக்கைத்தான்.

இதற்கு ஒரு வழி உண்டு. மாவு பிசைய வேண்டாம், முட்டை வேண்டாம், ஓவனில் வேகவைக்கவும் வேண்டாம். சாக்லேட்டை உருக்கி, நொறுக்கிய பிஸ்கட்டைக் கலந்து, தட்டில் பரப்பி, மைசூர்பாகு போல் வில்லை போடும் கேக் இது. அதில் ஆரஞ்சுத் தோலின் மணமும் சேர்ந்துவிட்டால் கடைக் கேக் தோற்றது என்றே சொல்லலாம்.

பெயரும் நமக்குத் தெரிந்ததே!

பிரிட்டனில் இந்த வகைக் கேக்குக்கு என்ன பெயர் தெரியுமா? 'டிபன்'! இந்தியாவில் இருந்த ஆங்கிலேயர்கள் பகல் சிற்றுண்டியை அழைத்த சொல் அது. நம்மிடம் அது இட்லி, தோசையைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. மும்பையில் டப்பாவாலா சுமந்து வரும் சாப்பாட்டுக்கும் அதே பெயர். கடல் கடந்து போன இடத்தில் அது பிஸ்கட் சாக்லேட் கேக்காகிவிட்டது. ஸ்காட்லாந்தின் ட்ரூன் என்ற ஊரில் 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இது பிறந்ததாகச் சொல்லப்படுகிறது.

ஏழை வீட்டுப் பண்டம் என்று இதைத் தள்ளிவிடவும் முடியாது. 2011-ல் லண்டனில் இளவரசர் வில்லியமின் திருமணம் நடந்தபோது, மணமகன் விரும்பிக் கேட்டு வைக்கச் செய்தது பிஸ்கட் சாக்லேட் கேக்தான். அதற்குப் பயன்பட்டதும் நம் மாரி பிஸ்கட்டைப் போன்ற சாதாரணத் தேநீர் பிஸ்கட்தான்.

சாக்லேட்டும் ஆரஞ்சும் சேர்வதும் புதிதல்ல. இங்கிலாந்தின் யார்க் நகரில் இயங்கிய டெர்ரி நிறுவனம், சுளை சுளையாகப் பிரியும் ஆரஞ்சு வடிவச் சாக்லேட்டை 1932-ல் வெளியிட்டது. சாக்லேட்டின் கசப்பையும் திகட்டலையும் ஆரஞ்சின் மணம் சமன் செய்துவிடுகிறது.

பழம் நாக்பூர், கோகோ பொள்ளாச்சி

ஆரஞ்சுக்கு மகாராஷ்டிரத்தில் இருப்பவர்கள் வெளியே தேட வேண்டியதில்லை. சந்தையில் 'சந்த்ரா' என்று கூவி விற்கப்படும் நாக்பூர் ஆரஞ்சு 2014-ல் புவிசார் குறியீடு பெற்றது. மழைக்காலம் முடிந்து ஆண்டின் கடைசி மாதங்களில் ஒரு பருவமும், பிப்ரவரி, மார்ச் மாதங்களை ஒட்டி இன்னொரு பருவமும் இதற்கு உண்டு. டில்லியிலிருந்து ஊருக்கு ரயிலில் போகும் தமிழர்கள் நாக்பூர் சந்திப்பில் ஆரஞ்சும் சந்த்ரா பர்பியும் வாங்காமல் போவது அபூர்வம். பழத்தை இனிப்புப் பலகாரத்தில் சேர்க்கும் வழக்கத்துக்கு அந்தப் பர்பியே சாட்சி.

சாக்லேட்டும் இன்று முழுக்க அந்நியச் சரக்கு அல்ல. பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கத் தென்னந்தோப்புகளில் கோகோ ஊடுபயிராக வளர்கிறது. பாக்கு, கோகோ விவசாயிகளின் கூட்டுறவு அமைப்பான காம்ப்கோ 1986-ல் கர்நாடகத்தின் புத்தூரில் சாக்லேட் தொழிற்சாலையையே தொடங்கியது.

எந்தச் சாக்லேட் வாங்குவது?

கடையில் இரண்டு வகை கிடைக்கும். ஒன்று, கோகோ வெண்ணெய் சேர்ந்த அசல் சாக்லேட். இதற்கு ருசி அதிகம், விலையும் அதிகம். கோகோ வெண்ணெய் சுமார் 34 டிகிரி சூட்டில் உருகிவிடும். வாயில் போட்டதும் கரைவது அதனால்தான். மும்பைக் கோடையில் மேசை மேலேயே குழைந்துவிடுவதும் அதே காரணத்தால்தான்.

இன்னொன்று 'காம்பவுண்டு' எனப்படும் பாளம். கோகோ வெண்ணெய்க்குப் பதிலாக வேறு தாவரக் கொழுப்பு சேர்த்தது. ருசி ஒரு படி குறைவு, நாக்கில் சற்று மெழுகு போல் நிற்கும். ஆனால் சூட்டைத் தாங்கும், விலையும் குறைவு. பிரிட்ஜ் இல்லாத வீட்டுக்கு இதுவே நல்லது. கிராபர்ட் மார்க்கெட் பகுதியில் கேக் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். மேலுறையில் சேர்மானப் பட்டியலைப் படித்துப் பார்த்தால் எந்த வகை என்று தெரிந்துவிடும்.

தேவையானவை

காம்பவுண்டு டார்க் சாக்லேட் 400 கிராம், குளுக்கோஸ் அல்லது மாரி பிஸ்கட் 300 கிராம், டின் பால் (கண்டென்ஸ்டு மில்க்) 150 கிராம், அதாவது ஏறக்குறைய 8 மேசைக்கரண்டி, வெண்ணெய் 50 கிராம், ஆரஞ்சு 2, வறுத்த வேர்க்கடலை அல்லது முந்திரி 50 கிராம், உப்பு ஒரு சிட்டிகை. எட்டு அங்குலச் சதுரத் தட்டு ஒன்றும், அதில் விரிக்க எண்ணெய் தடவிய பட்டர் பேப்பரும் வேண்டும். இந்த அளவுக்கு வரிசைக்கு ஐந்தாக 25 வில்லைகள் கிடைக்கும்.

செய்முறை

முதலில் ஆரஞ்சுப் பழங்களை வெதுவெதுப்பான நீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவி, ஈரமில்லாமல் துடைக்க வேண்டும். பளபளப்புக்காக மெழுகு பூசிய பழங்களும் சந்தைக்கு வருகின்றன. பழத்தை உரிக்கும் முன்பே, முழுப் பழமாக வைத்துக்கொண்டு துருவியின் சிறு கண்ணில் தோலைத் துருவ வேண்டும். நாக்பூர் ஆரஞ்சின் தோல் தளர்வானது. உரித்துவிட்டால் துருவ வராது. ஆரஞ்சு நிறமுள்ள மேல்பகுதி மட்டும் போதும். உள்ளே இருக்கும் வெள்ளைப் பகுதி கசக்கும். சாத்துக்குடித் தோலில் இந்த மணம் வராது.

பிஸ்கட்டைக் கையால் ஒடிக்க வேண்டும். பாதி தூளாகவும் பாதி கடலைப்பருப்பு அளவுத் துண்டாகவும் இருக்கலாம். மிக்சியில் போட்டு மாவாக்கினால் கேக் பிண்டமாகிவிடும், கடிக்கும்போது மொறுமொறுப்பு இராது.

ஒரு பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவைத்து அடுப்பை அணைத்துவிட வேண்டும். அதன் மேல் இன்னொரு பாத்திரத்தை, அடி தண்ணீரில் படாதபடி வைக்க வேண்டும். முதலில் வெண்ணெயையும் தோல் துருவலையும் போடுவது முக்கியம். ஆரஞ்சின் மணம் தோலில் உள்ள எண்ணெயில்தான் இருக்கிறது. அந்த எண்ணெய் கொழுப்பில் இறங்கும். வெண்ணெய் உருகி மணம் வந்ததும் 300 கிராம் சாக்லேட்டைப் பொடியாக நறுக்கிப் போட்டுக் கிளற வேண்டும். உருகியதும் டின் பாலும் உப்பும் சேர்த்தால் கலவை அல்வாப் பதத்தில் கெட்டியாகும். உடனே பாத்திரத்தை இறக்கி, பிஸ்கட்டையும் கடலையையும் கொட்டி, ஒவ்வொரு துண்டிலும் சாக்லேட் படும்படி புரட்ட வேண்டும்.

தட்டில் கொட்டி, டவராவின் அடிப்பாகத்தால் அழுத்திச் சமப்படுத்த வேண்டும். மூலைகளில் அழுத்தம் குறைந்தால் வெட்டும்போது உதிரும். மீதமுள்ள 100 கிராம் சாக்லேட்டை ஒரு சிறு கரண்டி எண்ணெயுடன் உருக்கி மேலே ஊற்றினால் பளபளவென்று முகம் வந்துவிடும்.

சாறு மட்டும் வேண்டாம்

ஆரஞ்சு கேக் என்றதும் பழத்தைப் பிழிந்து சாற்றை ஊற்றத் தோன்றும். பணம் பாழாகும் இடம் இதுதான். உருகிய சாக்லேட்டில் ஒரு கரண்டி தண்ணீர் விழுந்தாலும் போதும், அதிலுள்ள சர்க்கரையும் கோகோத் தூளும் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு மணல் போல் திரண்டுவிடும். ஈரக் கரண்டி, பாத்திரத்தில் சொட்டும் ஆவி இவையும் இதே வேலையைச் செய்யும்.

அப்படித் திரண்டுவிட்டால் குப்பையில் கொட்ட வேண்டாம். சூடான பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கடைந்தால் குழம்பாகத் தெளிந்துவிடும். அது பழைய நிலைக்கு வந்து கேக்குக்கு உதவாது. ஆனால் பிள்ளைகளுக்குப் பாலில் கலந்து கொடுக்கலாம். ஆரஞ்சுச் சுளைகளைத் தனியாகத் தின்னலாம்.

பிரிட்ஜ் இல்லாவிட்டால்?

இருந்தால் இரண்டு மணி நேரத்தில் இறுகிவிடும். இல்லாதவர்கள் டிசம்பர், ஜனவரி மாதங்களில் இரவு செய்து வைத்தால் காலையில் தயாராக இருக்கும். தட்டை மூடி, தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்தின் நடுவே ஜன்னலோரம் வைக்கலாம். குளிர்ச்சியும் கிடைக்கும், எறும்பும் ஏறாது. தண்ணீர் தட்டின் விளிம்பைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் பிரிட்ஜ் இல்லாமல் இதைத் தொடங்காமல் இருப்பதே நல்லது.

கத்தியைச் சுடுநீரில் முக்கி, நன்றாகத் துடைத்து, அழுத்தி வெட்டினால் வில்லை நேராக வரும். ஈரமில்லாத டப்பாவில் குளிர்காலத்தில் மூன்று, நான்கு நாட்கள் வைத்துச் சாப்பிடலாம். சர்க்கரையும் கொழுப்பும் நிறைந்த பண்டம் இது. ஒருவருக்கு ஒரு வில்லை போதும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஒதுங்கியிருப்பது நலம்.

கைப்பழக்கம் வந்ததும் சில இல்லத்தரசிகளுக்கு விற்கும் யோசனையும் வரலாம். நல்ல யோசனைதான். ஆனால் வீட்டில் செய்து விற்பவர்களும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். முதலில் பத்து வில்லைக்கு என்ன அடக்கம் என்று கணக்கெழுதிப் பார்த்துவிட்டு விலை சொல்வது முக்கியம். தன் உழைப்புக்கும் ஒரு தொகை சேர்க்கப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

விற்காவிட்டாலும் இதற்கு வேலை இருக்கிறது. தீபாவளிக்குப் பக்கத்து மராட்டிக் குடும்பத்திலிருந்து சக்லியும் கரஞ்சியும் தட்டில் வரும். வந்த தட்டை வெறுமையாகத் திருப்பும் வழக்கம் நமக்கில்லை. கிறிஸ்துமஸ் வந்தால் நெல்லை, தூத்துக்குடிக் குடும்பங்களின் தட்டுகள் வாசல் வாசலாகப் போகும். முறுக்குக்கும் அதிரசத்துக்கும் பக்கத்தில் நாக்பூர் ஆரஞ்சு மணக்கும் நான்கு வில்லைகளை வைத்தனுப்பினால், அதை யார் செய்தது, எந்தக் கடையில் வாங்கியது என்ற கேள்வி மறுநாளே வாசலுக்கு வரும். கடையில் வாங்கியதல்ல என்று சொல்லும்போது அந்த வீட்டுப் பெண்ணுக்கு ஏற்படும் பெருமைக்கு, ஓவன் இல்லாதது ஒரு குறையாகவே தெரியாது.