ஆரோக்கியப்பச்சையும் காணிக்காரர் பங்கும்

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் நாற்பது வருஷமாக நாட்டு மருந்துச் சரக்கு விற்கிறவன் நான். சரக்குக்கு விலை உண்டு; அதன் குணத்தைச் சொல்லிக் கொடுத்தவருக்கு என்ன விலை? இக்கேள்விக்கு நம் மாவட்டமே ஒரு விடை தந்திருக்கிறது.

1987-இல் டாக்டர் புஷ்பாங்கதன் குழுவினர் அகத்திய மலைக்காட்டில் ஆய்வுக்குப் போனார்கள். வழிகாட்டிகளாக வந்த காணிக்காரர்கள் ஏதோ சிறு காய்களைத் தின்றபடி களைப்பில்லாமல் நடந்தார்கள். கேட்டபோது முதலில் தயங்கினார்கள். பிறகுதான் செடியைக் காட்டினார்கள். நிழலில் வளரும் அச்சிறு செடியே ஆரோக்கியப்பச்சை. காணிகள் சொல்லும் பெயர் சாத்தான்களஞ்சா.

அவர்கள் தின்றது காயை. பாலோடு தாவரவியல் ஆராய்ச்சி நிலையத்தார் இலையிலும் களைப்பு நீக்கும் குணம் கண்டு, அஸ்வகந்தா, திப்பிலி, விஷ்ணுகிராந்தி சேர்த்து 'ஜீவனி' மருந்தை உருவாக்கினர். 1995-இல் கோயம்புத்தூர் ஆர்ய வைத்திய பார்மசிக்கு அதன் உரிமையைக் கொடுத்தனர். கட்டணம் 10 லட்சம் ரூபாய், விற்பனையில் 2 சதவீதம். இதில் சரிபாதி காணிகளுக்கு. அதற்கென 1997-இல் அறக்கட்டளையும் பதிவாயிற்று. இப்படிப் பங்கு தரச் சொல்லும் பல்லுயிர்ச் சட்டம் நம் நாட்டில் வந்ததோ 2002-இல்தான்!

குறையும் உண்டு. காணிகளின் மருத்துவர்களான பிலாத்திகள் சிலர், குலத்து அறிவை விற்பதா என்று ஆட்சேபித்தார்கள். காட்டில் இலை பறிக்க வனத்துறையும் இடம் கொடுக்கவில்லை. வியாபாரி என்ற முறையில் சொல்கிறேன்: பங்கைப் பிரிப்பது சுலபம், பங்காளிகள் யார் யார் என்று முதலிலேயே கேட்டுக்கொள்வதுதான் கஷ்டம்.

ஊர்விட்டு வந்த நாமும் பாட்டி சொன்ன கைமருந்தை எழுதி வைக்கும்போது, சொன்னவர் பெயரையும் சேர்த்தே எழுதுவோம்.