உயரம் குறைந்தவர்களுக்கு மலைச் சைக்கிள்



ஐம்பதைத் தாண்டிய நம்மில் பலர் குரங்கு பெடல் போட்டுத்தான் சைக்கிள் கற்றிருப்போம். வாடகைக்கு எடுத்த பெரிய வண்டியில் சீட் எட்டாது. பாருக்குக் கீழே காலை நுழைத்து மிதித்தோம். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தில் சைக்கிள் கற்ற பெண்களில் பலரும், லேடீஸ் சைக்கிள் போதாமல் ஆண்கள் வண்டியையே ஓட்டினார்கள். சமதரையில் அது சமாளிக்கக் கூடியது. திக்லிபூரின் மேடு பள்ளத்தில் கால் எட்டாத வண்டி ஆபத்து.

இதை நான் என் தவறால் கற்றேன். என் மருமகள் செவிலியர். உயரம் 4 அடி 7 அங்குலம். அவளுக்கு 26 அங்குலச் சக்கர மலைச் சைக்கிள் வாங்கி, சீட்டை அடிவரை இறக்கி, "சரியாகிவிட்டது" என்றேன். காளிப்பூர் சாலை இறக்கம் ஒன்றில் நிறுத்திக் காலூன்றப் பார்த்தாள், தரை எட்டவில்லை. விழுந்ததில் மணிக்கட்டு முறிந்தது. "இனி சைக்கிளே வேண்டாம் மாமா" என்றாள். ரயில்வேயில் முப்பது ஆண்டுகள் அளவெடுத்தே பிழைத்த நான், வீட்டில் ஓர் அளவும் எடுக்கவில்லை!

பிறகு செய்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவது, காலின் உள்ளளவு. வெறுங்காலுடன் சுவரோரம் நின்று, தொடைகளுக்கு நடுவே கெட்டி அட்டைப் புத்தகத்தை மட்டமாக மேலே அழுத்திப் பிடித்து, அதன் மேல் விளிம்பிலிருந்து தரைவரை அளக்க வேண்டும். மகன் அளந்து 63 செ.மீ. என்றான். வண்டியின் பார் இதைவிட 5 செ.மீ.யாவது தாழ்ந்திருக்க வேண்டும். பழைய வண்டியின் பார் 72 செ.மீ.! சீட்டை இறக்கினால் பார் இறங்காது. ஆகவே 24 அங்குலச் சக்கர வண்டிக்கு மாறினோம். அதில் பார் 57 செ.மீ. சிறுவர் வண்டி என்று கூச்சப்பட வேண்டாம். எவ்வளவு எடை தாங்கும் என்று மட்டும் கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது, சீட் உயரம். பெடல் அடியில் இருக்கும்போது அதன் மேல் குதிகாலை வைத்தால் முழங்கால் நேராக வேண்டும். முன்பாதத்தால் மிதிக்கும்போது அது சற்றே மடங்கும். சீட் குழாயின் எல்லைக் கோடு வெளியே தெரியக் கூடாது.

மூன்றாவது, கிராங்க். பெரிய வண்டிகளில் வழக்கமாக 170 அல்லது 175 மி.மீ. குட்டைக் காலுக்கு 152 மி.மீ. போதும். 170லிருந்து 152க்கு வந்தால் மேலே வரும் பெடல் 18 மி.மீ. தாழ்கிறது, கீழ்ப் பெடல் 18 மி.மீ. உயர்வதால் சீட்டையும் அவ்வளவு உயர்த்தலாம். ஆக, முழங்கால் மடங்க 36 மி.மீ. கூடுதல் இடம். மிதிக்கும் விசை சற்றுக் கூடும். கியரை ஒன்று குறைத்தால் ஈடாகிவிடும்.

நான்காவது, கைகள். ஹேண்டில்பார் எட்டவில்லை என்று சீட்டை முன்னே தள்ளாதீர்கள்; முழங்காலின் நிலை கெடும். ஹேண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெம்மைக் குட்டையாக மாற்றுங்கள். பிரேக் லீவரில் பெரும்பாலும் ஒரு சிறு திருகு இருக்கும். அதைத் திருகி லீவரை விரலுக்கு அருகே கொண்டுவரலாம். லீவர் கைப்பிடியைத் தொடுமுன் பிரேக் பிடிக்கிறதா என்று தள்ளிப் பாருங்கள்.

கடைசியாக, காற்று. எடை குறைந்தவர்களுக்கு டயரில் காற்றும் சற்றுக் குறைவாக இருந்தால்தான் கல்லில் துள்ளாது.

மீட்டர் கேஜ் பாதையில் பிராட் கேஜ் வண்டி ஓடாது. அதற்காகப் பாதையைக் குறை சொல்வோமா? இப்போது மருமகள் ஞாயிறுதோறும் சாடில் பீக் அடிவாரம் வரை போய் வருகிறாள். புறப்படும் முன் பிரேக்கைச் சோதிப்பது மட்டும் என் வேலை.