10 ரூபாய்க்கு விற்கப்பட்ட சிறுமி, 55 வயதில் சிறை சென்ற போராளி!

ஒரத்தநாடு அரசு மகளிர் கலைக் கல்லூரிக்கு டவுன் பஸ்ஸில் வரும் மாணவிகள் பலருக்கு, மாதாமாதம் ‘புதுமைப் பெண்’ பணம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் ஏறுகிறது. அந்தத் திட்டத்தின் முழுப் பெயரில் இருப்பவர் நம் டெல்டாக்காரர்தான். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார்!

1883-ல் திருவாரூரில் பிறந்தவர். கடும் வறுமை. 10 ரூபாய்க்கும் ஒரு பழைய சேலைக்கும் பெற்றோரே அவரை ஒரு தாசியிடம் விற்றுவிட்டார்கள். ஆட்டமும் பாட்டும் கற்றுக்கொண்டு வளர்ந்த பெண்ணை, வயதான ஒருவருக்குக் கட்டிவைக்கப் பார்த்தார்கள். அவரோ மறுத்துவிட்டு, பாட்டு வாத்தியார் சுயம்புப் பிள்ளையை மணந்துகொண்டார்.

அப்போது கோயிலுக்கு நேர்ந்துவிட்டு, சிறுமிகளுக்குப் பொட்டுக் கட்டுவார்கள். பக்தி என்று பெயர். கடைசியில் அந்தப் பெண் போய்ச் சேருவது ஊர்ப் பெரிய மனிதர்களிடம்! இதை ஒழிக்கத்தான் அம்மையார் வீடு வீடாக, மேடை மேடையாக அலைந்தார். 1936-ல் ‘தாசிகள் மோசவலை’ என்று நாவலே எழுதினார்.

ஆனால், அவர் சிறைக்குப் போனது மொழிக்காக. 1938-ல் ராஜாஜி அரசு பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியது. அதை எதிர்த்து ஆகஸ்ட் 1-ம் தேதி திருச்சியிலிருந்து சென்னைக்கு ஒரு நடைப்பயணம் கிளம்பியது. ஒரத்தநாட்டுக்குப் பக்கத்து ஊரான பட்டுக்கோட்டை அழகிரிசாமி தளபதி. சுமார் நூறு ஆண்கள். கூட நடந்த ஒரே பெண் ராமாமிர்தம். 42 நாள் நடை! அப்போது அவருக்கு வயது 55.

அத்தோடு ஓயவில்லை. நவம்பர் 14-ம் தேதி சென்னையில் பெண்கள் மறியல் செய்தார்கள். தஞ்சை கருந்தட்டான்குடியில் பிறந்த டாக்டர் தருமாம்பாள், தன் இரண்டு குழந்தைகளோடு வந்த சீத்தம்மாள் ஆகியோருடன் ராமாமிர்தமும் கைதானார். ஆறு வாரச் சிறை. குழந்தைகளும் அம்மாவோடு உள்ளே போனார்கள். வீட்டு வாசலைத் தாண்டவே பெண்கள் யோசித்த காலம் அது!

1940-ல் கட்டாய இந்தி வாபஸானது. பொட்டுக்கட்டுவதைத் தடைசெய்யும் சட்டம் 1947-ல் வந்தது. அதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான், 1962 ஜூன் 27-ல் அம்மையார் கண்மூடினார்.

1989-ல் அவர் பெயரில் வந்தது திருமண உதவித் திட்டம். கல்யாணத்துக்குக் கொடுத்த உதவியை 2022-ல் படிப்புக்கு மாற்றினார்கள். அம்மையார் இருந்திருந்தால் இதற்குத்தான் கைதட்டியிருப்பார்! அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவிகள் டிகிரி, டிப்ளமோ, ஐ.டி.ஐ எதில் சேர்ந்தாலும், படித்து முடிக்கும்வரை மாதம் 1,000 ரூபாய் உண்டு. முதலாண்டு சேர்ந்ததும் கல்லூரி மூலமாகவே விண்ணப்பிக்கலாம்.