ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்: கல்லூரி மாணவரின் உரிமைகளும் கடைசித் தேதிகளும்

கல்லூரியில் சேரும் நாளில் ஒரு மாணவர் கவுன்ட்டரில் கொடுப்பவை ஏராளம். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல்கள், டிசி, சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், ஆதார் நகல், வங்கிப் புத்தக நகல், அப்பா கடன் வாங்கிக் கொடுத்த பணம். திரும்பி வரும்போது கையில் இருப்பது ஒரு ரசீது மட்டும். இரண்டாம் ஆண்டில் ஹாஸ்டல் அறை மாறும்போது அதுவும் தொலைந்துவிடுகிறது.

ஒழுங்காக இருப்பது என்றதும் நேர அட்டவணை போட்டுப் படிப்பதையும் அறையைச் சுத்தமாக வைத்திருப்பதையும்தான் எல்லோரும் சொல்வார்கள். அவை நல்ல பழக்கங்கள். நான் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. கல்லூரி மாணவருக்குச் சட்டமும் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) விதிகளும் தந்திருக்கும் உரிமைகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு கடைசித் தேதி இருக்கிறது. நிரூபிக்க ஒரு காகிதமும் வேண்டியிருக்கிறது. தேதி கடந்துபோனாலோ காகிதம் இல்லாவிட்டாலோ, உரிமை புத்தகத்தில் மட்டும்தான் இருக்கும். இதில் அதிகம் இழப்பவர்கள், வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள். எதை எப்போது கேட்க வேண்டும் என்று சொல்லித்தர அவர்களுக்குப் படித்த அண்ணனோ அக்காவோ இருப்பதில்லை.

அசல் சான்றிதழ்களிலிருந்தே தொடங்கலாம். சேர்க்கையின்போது அசலைச் சரிபார்த்துவிட்டு உடனே மாணவரிடமே திருப்பித் தர வேண்டும், கல்லூரி தன்வசம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று 2018 அக்டோபரில் யுஜிசி அறிவித்தது. டிசி மட்டும் கல்லூரியில் தங்கும். படிப்பு முடிந்தோ விலகியோ போகும்போது கல்லூரி தன்னுடைய டிசியைத் தரும். ஆனால் மதிப்பெண் பட்டியல்களையும் சேர்த்து வாங்கிப் பூட்டி வைக்கும் கல்லூரிகள் இன்றும் இருக்கின்றன. பாதியில் விலக நினைக்கும் மாணவரிடம், மீதி ஆண்டுகளின் கட்டணத்தையும் கட்டினால்தான் சான்றிதழ் என்று பேரம் பேசுகிறார்கள். இது விதிமீறல். நிஜமாகவே கட்டண பாக்கி இருந்தால் வசூலிக்கக் கல்லூரிக்கு வேறு சட்ட வழிகள் உண்டு, சான்றிதழைப் பிணையாகப் பிடித்து வைக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் பல வழக்குகளில் சொல்லியிருக்கிறது.

கவுன்ட்டரில் நின்றுகொண்டு இந்த விதியைச் சொல்லி வாதாட எல்லோராலும் முடியாது என்பது எனக்குத் தெரியும். சீட்டுப் போய்விடுமோ என்ற பயம் பெற்றோரின் முகத்தில் அப்பட்டமாகத் தெரியும். கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், எந்தெந்தச் சான்றிதழ், அதன் எண், எந்தத் தேதியில் கொடுத்தது என்று ஒரு தாளில் எழுதி, அலுவலக முத்திரையோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். சேர்க்கை பரபரப்பில் யாரும் அதைப் பெரிதாக எதிர்க்க மாட்டார்கள். அந்தத் தாள் இல்லாதவரிடம், 'நீங்கள் கொடுக்கவே இல்லையே' என்று மூன்று ஆண்டு கழித்துச் சொல்லிவிடுவது மிகவும் சுலபம்.

கட்டணம் திரும்பக் கிடைப்பதும் தேதிக் கணக்குதான். அதே 2018 அறிவிப்பின்படி, சேர்க்கைக்கு அறிவிக்கப்பட்ட கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கு மேலோ இருக்கும்போதே விலகினால் கட்டணம் முழுவதும் திரும்ப வர வேண்டும். நடைமுறைச் செலவு என்று 5 சதவீதம் வரை, அதிலும் அதிகபட்சம் 5,000 ரூபாய், பிடிக்கலாம். கடைசித் தேதிக்கு 15 நாளைவிடக் குறைவாக இருந்தால் 90 சதவீதம். கடைசித் தேதி கடந்து 15 நாட்களுக்குள் என்றால் 80 சதவீதம், 30 நாட்களுக்குள் என்றால் 50 சதவீதம், அதன் பிறகு ஒன்றுமில்லை. காப்புத்தொகையைக் கல்லூரி எந்த நிலையிலும் பிடித்தம் செய்ய முடியாது. சில ஆண்டுகளில் யுஜிசி இதைவிடத் தாராளமான அறிவிப்பை வெளியிடுகிறது. 2024-25 கல்வியாண்டில் செப்டம்பர் 30 வரை விலகியவர்களுக்கு முழுத் தொகையையும் தரச் சொன்னது. பொறியியல் போன்ற தொழில்நுட்பப் படிப்புகளுக்கு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு (ஏஐசிடிஇ) தனியாக விதி வைத்திருக்கிறது.

கவுன்சலிங்கின் அடுத்த சுற்றில் வேறு கல்லூரி கிடைத்து மாறும் பிள்ளைகள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். துறைத் தலைவரிடம் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு, 'அடுத்த வாரம் வா' என்பதை நம்பி இரண்டு வாரம் அலைவார்கள். விலகிய தேதி என்பது எழுத்து மூலம் விண்ணப்பம் கொடுத்த தேதி. பணத்தைத் திருப்பித் தருவதற்கான 15 நாள் கெடுவும் அந்த விண்ணப்பம் கிடைத்த நாளிலிருந்துதான் ஓடத் தொடங்கும். ஆகவே முடிவெடுத்த அன்றே கடிதம் கொடுத்து, அதன் நகலில் 'பெற்றுக்கொண்டோம்' என்று தேதியோடு முத்திரை வாங்குங்கள். மறுத்தால் அன்றைக்கே கல்லூரி முதல்வர் பெயருக்கு மின்னஞ்சலும் ஸ்பீட் போஸ்ட்டும் அனுப்பிவிடுங்கள். மின்னஞ்சலை உங்கள் சொந்த முகவரியிலிருந்து அனுப்புவது நல்லது. கல்லூரி தந்த மின்னஞ்சல் கணக்கு, நீங்கள் வெளியேறியதும் மூடப்பட்டுவிடலாம்.

நம் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு: இனிஷியல். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் இனிஷியல் பெயருக்கு முன்னால் இருக்கும். ஆதாரில் பின்னால் இருக்கும், அல்லது அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கும். வங்கிக் கணக்கில் இனிஷியலே இருக்காது. ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஒரு எழுத்து கூடவோ குறையவோ இருக்கும். உதவித்தொகை விண்ணப்பம் நிராகரிக்கப்படும்போதும், பின்னாளில் பாஸ்போர்ட் எடுக்கும்போதும் தெரியவரும் தவறு இது. பள்ளி இறுதிச் சான்றிதழில் உள்ளதை அடிப்படையாக வைத்துக்கொண்டு மற்றவற்றை முதலாம் ஆண்டிலேயே திருத்திவிடுங்கள். கல்லூரி முதல் செமஸ்டரில் தரும் தேர்வுப் பதிவு விவரத்திலும் பெயரை எழுத்து எழுத்தாகப் பாருங்கள். அதில் விழும் பிழை பட்டச் சான்றிதழ் வரைக்கும் கூடவே வரும்.

உதவித்தொகைப் பணம் இப்போது பெரும்பாலும் நேரடியாக வங்கிக் கணக்குக்கே வருகிறது. 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும், 2024 ஆகஸ்ட் 9 அன்று தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் 1,000 ரூபாய் தருகின்றன. எஸ்சி, எஸ்டி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை இருக்கிறது, அதற்குக் குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். 'எனக்கு மட்டும் வரவில்லை' என்று வருபவர்களிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, எந்தக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறது என்பது. ஒருவர் எத்தனை கணக்கு வைத்திருந்தாலும், ஆதார் வழியாக வரும் அரசுப் பணம் ஒரு நேரத்தில் ஒரே கணக்குக்குத்தான் போகும். கல்லூரி வளாகத்தில் முகாம் போட்டுப் புதுக் கணக்கு தொடங்கும்போது போகிற போக்கில் கையெழுத்திட்ட ஒரு படிவம், அந்த இணைப்பைப் பழைய கணக்கிலிருந்து மாற்றியிருக்கலாம். ஆதார் இணையதளத்திலேயே இதைப் பார்த்துக்கொள்ளலாம். வருமானச் சான்றிதழ் சாதிச் சான்றிதழைப் போல நிரந்தரமானது அல்ல, காலாவதியாகும். விண்ணப்பம் திறந்த பிறகு இ-சேவை மையத்தில் வரிசையில் நிற்பதைவிட, கோடை விடுமுறையிலேயே வாங்கி வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

'ஸ்காலர்ஷிப் வந்திருக்கிறது, க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யுங்கள்' என்று யாராவது போன் செய்தால் துண்டித்துவிடுங்கள். பணம் பெறுவதற்கு ஸ்கேன் செய்யவோ பின் நம்பர் போடவோ தேவையே இல்லை. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணத்தை மீட்கும் வாய்ப்பைக் குறைக்கும்.

வருகைப்பதிவு பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். தமிழகக் கல்லூரிகளில் பொதுவான அளவு 75 சதவீதம். 90 வேலை நாள் கொண்ட செமஸ்டரில் இது 22 நாள் விடுப்புக்குத்தான் இடம் தரும். 65க்கும் 75க்கும் நடுவில் இருப்பவர்களை, மருத்துவச் சான்று போன்ற தக்க காரணம் இருந்தால் காண்டொனேஷன் முறையில் தேர்வெழுத விடுகிறார்கள். சரியான விதி, நீங்கள் சேர்ந்த ஆண்டுக்குரிய ரெகுலேஷனில் இருக்கும். அதை முதல் மாதமே படித்துவிடுங்கள். டெங்கு வந்து மருத்துவமனையில் இருந்தால், டிஸ்சார்ஜ் ஆன வாரமே அதன் அறிக்கையை விடுப்புக் கடிதத்தோடு கொடுங்கள். செமஸ்டர் முடிவில் கொண்டுவரும் சான்றை யாரும் நம்ப மாட்டார்கள். போட்டிக்கோ என்எஸ்எஸ் முகாமுக்கோ போனால் ஓடி (ஆன் டியூட்டி) கடிதத்தில் அன்றே கையெழுத்து வாங்குங்கள். மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குத் தேர்வில் உதவி எழுத்தரும், மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாத கூடுதல் நேரமும் கிடைக்க வழி உண்டு. அதற்கான விண்ணப்பத்தைத் தேர்வு அட்டவணை வரும்வரை தள்ளிப்போட வேண்டாம்.

தேர்வு முடிவில் சந்தேகம் வந்தால் நேரம் மிகவும் குறைவு. முடிவு வந்த சில நாட்களுக்குள் விடைத்தாள் நகலுக்கும், பிறகு மறுமதிப்பீட்டுக்கும் பணம் கட்டியாக வேண்டும். சொந்த ஊரில் விடுமுறையில் இருப்பவர்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவை மட்டும் நம்பி இதைத் தவறவிடுகிறார்கள். பல்கலைக்கழகத்தின் அறிவிப்பை நேரடியாகப் பார்க்க வேண்டும், சுற்றறிக்கையைப் போனில் சேமித்துவைக்க வேண்டும்.

மதிப்பிடப்பட்ட விடைத்தாளை மாணவர் பார்க்கலாம், நகலும் பெறலாம் என்று உச்ச நீதிமன்றம் 2011இல் சிபிஎஸ்இ தொடர்பான ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விடைத்தாளும் ஒரு தகவல்தான் என்பது அதன் சாரம். அந்தத் தீர்ப்பிலேயே ஒரு வரம்பும் இருக்கிறது: தேர்வு நடத்தும் அமைப்பு விடைத்தாள்களைப் பாதுகாத்து வைத்திருக்கும் காலம் வரைதான் அந்த உரிமை செல்லும். இன்னொன்றையும் கவனியுங்கள். தகவல் தர அதிகாரிக்குச் சட்டம் 30 நாள் தருகிறது. அதற்குள் மறுமதிப்பீட்டுக்கான கெடு முடிந்துபோயிருக்கும். எனவே மதிப்பெண்ணை மாற்றுவதுதான் நோக்கம் என்றால் பல்கலைக்கழகத்தின் நகல் வழியையே முதலில் பயன்படுத்துங்கள். கெடு தவறிவிட்டாலோ, நகல் தராமல் இழுத்தடித்தாலோ 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமை மனு போடுங்கள். பதில் வராவிட்டால் 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம்.

எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் கல்லூரி மசியவில்லை என்றால் எங்கே போவது? 2023ஆம் ஆண்டின் யுஜிசி விதிகள்படி ஒவ்வொரு கல்லூரியிலும் மாணவர் குறைதீர் குழு இருக்க வேண்டும். அதில் ஒருவராவது பெண்ணாகவும், ஒருவராவது எஸ்சி, எஸ்டி அல்லது ஓபிசி பிரிவினராகவும் இருக்க வேண்டும். சான்றிதழ் தர மறுப்பது, கட்டணத்தைத் திருப்பித் தராதது, உதவித்தொகையைத் தாமதிப்பது போன்ற குறைகளை அங்கே கொடுக்கலாம். குழு 15 வேலை நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும். முடிவு திருப்தி தராவிட்டால் 15 நாட்களுக்குள் பல்கலைக்கழகத்தின் ஆம்பட்ஸ்பர்சனிடம் மேல்முறையீடு செய்யலாம். ஓய்வுபெற்ற துணைவேந்தரோ பேராசிரியரோ மாவட்ட நீதிபதியோ அந்தப் பொறுப்பில் இருப்பார். அவர் 30 நாட்களில் முடிவு சொல்ல முயல வேண்டும். வெறும் மறுமதிப்பீட்டுக் கோரிக்கையை அவர் ஏற்க மாட்டார், முடிவையே பாதிக்கும் முறைகேடோ பாகுபாடோ நடந்ததைக் குறிப்பாகக் காட்ட வேண்டும். மறுமதிப்பீட்டுக் கெடுவைத் தவறவிடக் கூடாது என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

புகாரை ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். நடந்ததைத் தேதி வரிசையில் சொல்லி, என்ன வேண்டும் என்பதைக் கடைசியில் தெளிவாகக் கேளுங்கள். அசலை இணைக்க வேண்டாம், நகல் போதும். வழக்குவரை போக நேர்ந்தால் 15100 என்ற எண்ணில் இலவசச் சட்ட உதவி கேட்கலாம். பெண்களும், எஸ்சி, எஸ்டி பிரிவினரும் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் அதற்குத் தகுதியானவர்கள்.

இத்தனைக்கும் தேவைப்படுவது ஒரு பிளாஸ்டிக் ஃபைலும், கடைசித் தேதிகளை எழுதும் ஒரு சிறு நோட்டும். ஒவ்வொரு தாளையும் வாங்கிய அன்றே போட்டோ எடுத்து, போனைத் தவிர வேறோர் இடத்திலும் வைக்க வேண்டும். கட்டண ரசீதுகள் சில அச்சிட்ட ஆறே மாதத்தில் மங்கிவிடுகின்றன என்பதால் செராக்ஸும் எடுத்து வையுங்கள். பள்ளி மதிப்பெண் பட்டியல்களை டிஜிலாக்கரில் இறக்கிக்கொள்ளலாம். அசல் தொலைந்துவிட்டால் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் தொலைந்த ஆவணத்துக்கான புகாரைப் பதிந்து, அதன் நகலோடு பள்ளியையோ பல்கலைக்கழகத்தையோ அணுகி மாற்றுப் பிரதிக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

கடைசி செமஸ்டரில் நோ டியூஸ் படிவத்தோடு துறை துறையாக அலையும்போது, முதல் ஆண்டில் கட்டிய காப்புத்தொகை பலருக்கு நினைவிலேயே இருப்பதில்லை. நூலகம், ஆய்வகம், ஹாஸ்டல் என்று தனித்தனியாகக் கட்டியிருப்பீர்கள். பழைய ரசீதுகளைப் புரட்டிக் கூட்டிப் பாருங்கள். டிசி, நன்னடத்தைச் சான்றிதழ், ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியல் ஆகியவற்றோடு அந்தத் தொகையையும் எழுத்து மூலம் கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.