சொல்லை மதித்த குரல்

ஜாஸ் என்றால் ஆரவாரம் என்று எண்ணும் நேயர்கள் ஜொனி ஹார்ட்மனை ஒருமுறை கேட்க வேண்டும். இந்த அமெரிக்கப் பாடகர் 1963 மார்ச் 7இல் சாக்சபோன் மேதை ஜோன் கொல்ட்ரேனின் குழுவுடன் ஆறு காதற் பாடல்களை ஒலிப்பதிவு செய்தார். இசைத்தட்டின் தலைப்பே இருவரின் பெயர்கள்தான்.

தமிழ் படிப்பிக்கும் எனக்குப் பிடித்தது, அவர் சொல்லைச் சிதைக்காமல் பாடுவது. கனத்த, தாழ்ந்த குரல். அழுகையில்லை, வீண் இழுப்பில்லை. பக்கத்தில் இருந்து பேசுவது போலிருக்கும். அவர் நிறுத்தும் இடத்தில் சாக்சபோன் தொடங்கி, அவர் சொல்லாமல் விட்ட ஏக்கத்தைச் சொல்கிறது. அதைப் பக்கவாத்தியம் என்று சொல்ல மனம் வராது.

இருந்தும், சினாட்ராவுக்குக் கிடைத்த புகழ் இவருக்குக் கிட்டவில்லை. 1983இல் மறைந்தார். 1995இல் கிளின்ட் ஈஸ்ட்வூட் தமது 'த பிரிட்ஜஸ் ஒவ் மடிசன் கவுன்ரி' படத்தில் இவருடைய பழைய பாடல்களைச் சேர்த்த பின்னரே பலர் இவரைத் தேடிக் கேட்டனர்.