மீன்பிடி படகின் அளவுத் தேர்வு (புதுக்கோட்டை மாவட்டம்)

மீன்பிடி படகின் அளவுத் தேர்வு என்பது, ஒரு படகில் எத்தனை பேர், எந்தக் கருவியுடன், எவ்வளவு தொலைவு சென்று மீன்பிடிக்கப் போகிறார்கள் என்பதைக் கொண்டு அதன் நீளம், அகலம், பக்க உயரம், இயந்திரத் திறன் ஆகியவற்றை முடிவு செய்வதாகும். ஆள் கூடும்போது படகும் பெரிதாக வேண்டும் என்பது பொதுவான கருத்து. எனினும் நீரின் ஆழம், சட்ட வரம்பு, கடன் சுமை ஆகியவையும் இம்முடிவில் பங்கு பெறுகின்றன. தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில் உள்நாட்டுக் கண்மாய்களும் பாக் விரிகுடாக் கடற்கரையும் இருப்பதால், இவ்வேறுபாடுகளை அங்கு தெளிவாகக் காணலாம்.

உள்நாட்டு நீர்நிலைகள்

மாவட்டத்தின் உட்பகுதியில் அன்னவாசலுக்கு அருகே சித்தன்னவாசல் அமைந்துள்ளது. இங்குள்ள சமணக் குடைவரையான அறிவர் கோயிலின் விதானத்தில் தாமரைக் குளம் ஒன்று தீட்டப்பட்டுள்ளது. அதில் மீன்கள், பறவைகள், யானைகள், பூப்பறிக்கும் மனிதர்கள் ஆகிய உருவங்கள் உள்ளன. பூப்பறிப்போர் நீருக்குள் இறங்கியே நிற்கின்றனர். இப்பகுதிக் கண்மாய்களில் இன்றும் அதே நிலைதான். கோடையில் நீர் வற்றும்போது ஊர்கூடி நடத்தும் மீன்பிடித் திருவிழாவில் மக்கள் ஊத்தா, கச்சா, வலை ஆகியவற்றுடன் நீரில் இறங்கி மீன் பிடிக்கின்றனர். முழங்கால் அளவு நீரில் படகுக்கு வேலை இல்லை. எனவே படகைத் தேர்வதில் முதலில் பார்க்க வேண்டியது நீரின் ஆழம். ஆள் எண்ணிக்கை அதற்கு அடுத்ததே.

கடற்கரைப் படகு வகைகள்

மாவட்டத்தின் கடற்கரை பாக் விரிகுடாவை ஒட்டியது. கோட்டைப்பட்டினமும் செகதாப்பட்டினமும் இங்குள்ள முக்கிய விசைப்படகுத் தளங்கள். விரிகுடாவின் பெரும்பகுதி 15 மீட்டருக்கும் குறைந்த ஆழம் கொண்டது. கரையோரம் மிக நீண்ட தொலைவுக்குச் சேறும் ஆழமற்ற நீருமாக இருப்பதால், அடிப்பகுதி ஆழமாக அமைந்த படகுகள் கரைக்கு நெருங்க இயலாது.

* கட்டுமரம்: ஒன்று முதல் மூன்று பேர் வரை செல்வது. மரத்துண்டுகளைக் கட்டி அமைப்பதால் நீர் ஏறினாலும் மூழ்காது. பொருள் வைக்க இடம் குறைவு.
* வள்ளம், ஃபைபர் படகு: பொதுவாக மூன்று முதல் ஐந்து பேர் வரை செல்வர். நண்டு வலை, செவுள் வலை, தூண்டில் ஆகியவற்றுக்கு ஏற்றவை.
* விசைப்படகு: நான்கு முதல் ஆறு பேர் வரை செல்வர். மீன் அறையும் பனிக்கட்டி வைக்கும் இடமும் உண்டு.

எடையும் மூழ்கு ஆழமும்

நீர்மட்டத்தில் 8 மீட்டர் நீளமும் 2 மீட்டர் அகலமும் உள்ள ஒரு ஃபைபர் படகை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். இருமுனையும் குறுகுவதால் நீர்மட்டப் பரப்பு ஏறத்தாழ 11 சதுர மீட்டர் இருக்கும். இப்படகு ஒரு செ.மீ. தாழ்வதற்குச் சுமார் 115 கி.கி. எடை ஏற்ற வேண்டும். நான்கு பேர் 300 கி.கி., வலை 200, பனிக்கட்டியும் பெட்டிகளும் 150, இயந்திரமும் எரிபொருளும் 100, பிடிபட்ட மீன் 250 என மொத்தச் சுமை 1,000 கி.கி. ஆனால் படகு ஏறத்தாழ 9 செ.மீ. தாழும். மேலும் இருவர் ஏறினால் 1.3 செ.மீ. மட்டுமே கூடும். இதனால்தான் கரையில் நிற்பவர் கண்ணுக்கு, ஆள் கூடிய படகும் பாதுகாப்பானதாகவே தெரிகிறது.

ஒரு பக்கம் சாயும் ஆபத்து

உண்மையான இடர் ஆட்கள் இடம் மாறும்போது வருகிறது. வலை இழுக்கும்போதோ தூண்டிலில் பெரிய மீன் சிக்கும்போதோ அனைவரும் ஒரே பக்கம் கூடுவர். மேற்கண்ட படகின் மொத்த எடை 2 டன், நடுவில் இருந்து ஆட்கள் நகரும் தொலைவு 0.8 மீட்டர், படகின் நிலைப்பைக் குறிக்கும் உயரம் 0.5 மீட்டர் என வைத்துக்கொண்டால், நான்கு பேர் ஒரு பக்கம் வரும்போது அப்பக்க விளிம்பு ஏறத்தாழ 24 செ.மீ. தாழும். ஆறு பேர் வந்தால் சுமார் 35 செ.மீ. தாழும். விளிம்பு நீருக்கு மேல் 40 செ.மீ. உயரத்தில் இருந்தால், முதல் நிலையில் 16 செ.மீ. எஞ்சும், இரண்டாம் நிலையில் 5 செ.மீ. மட்டுமே எஞ்சும். சிறு அலைகூட உள்ளே ஏற அது போதும். உள்ளே புகுந்த நீர் தாழ்ந்த பக்கமே ஓடிச் சேர்வதால் சாய்வு மேலும் கூடுகிறது. ஆட்கள் எழுந்து நிற்பதும் படகின் நிலைப்பைக் குறைக்கும்.

ஆகவே பலர் செல்லும் படகுக்கு நீளத்தைவிட அகலமும் பக்க உயரமும் முதன்மையானவை. நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றரை மடங்கானால் படகின் கொள்ளளவு 3.4 மடங்காகிறது, தளத்தின் பரப்போ 2.25 மடங்குதான் ஆகிறது. எடையைத் தாங்கும் திறன் வளரும் அளவுக்கு நிற்கும் இடம் வளர்வதில்லை.

எண்ணிக்கைக்கான எளிய கணக்கு

அமெரிக்கக் கடலோரக் காவல்படை 20 அடிக்கு உட்பட்ட சிறு படகுகளுக்கு ஒரு எளிய முறையைத் தருகிறது. நீளத்தையும் அகலத்தையும் அடியில் பெருக்கி 15ஆல் வகுக்க வேண்டும். 18 அடி நீளமும் 6 அடி அகலமும் உள்ள படகில் ஏழு பேர் செல்லலாம் என்பது இதன் விடை. இது அமைதியான நீருக்கான உச்ச வரம்பு. வலை, பனிக்கட்டி, மீன் ஆகியவற்றின் எடைக்கு ஈடாக ஆட்களைக் குறைத்தே கணக்கிட வேண்டும். தூண்டில் வீசுவோருக்குக் கை வீச இடமும் வேண்டும் என்பதால், ஏழு பேர் உட்காரக்கூடிய படகில் நான்கு பேர் மீன்பிடிப்பதே வசதியானது.

சட்டமும் செலவும்

தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம் (1983) கரையிலிருந்து 3 கடல் மைல் (சுமார் 5.5 கி.மீ.) வரையுள்ள பகுதியை நாட்டுப்படகுகளுக்கு ஒதுக்குகிறது, விசைப்படகுகள் அதற்கு அப்பால் தொழில் செய்ய வேண்டும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் நடைமுறையில் உள்ளது. பெரிய படகை வாங்கியவர் அந்நாட்களில் வருமானமின்றிக் கடன் தவணையைச் சமாளிக்க வேண்டியுள்ளது.

பாக் விரிகுடாவில் பெரிய படகுக்குத் தேவையான பரப்பும் குறுகியது. 1974, 1976ஆம் ஆண்டுகளின் இந்திய இலங்கை ஒப்பந்தங்கள் கடல் எல்லையை வரையறுத்தன. இலங்கை 2017இல் இழுவலை மீன்பிடிப்பைச் சட்டத்தால் தடை செய்தது. எல்லை தாண்டிப் பிடிபடும் படகுகள் பறிமுதலாகும்போது, உரிமையாளரோடு அதில் வேலை செய்யும் குடும்பங்களும் பிழைப்பை இழக்கின்றன.

இச்சிக்கலைத் தணிக்க, இழுவலைப் படகுகளுக்கு மாற்றாக ஆழ்கடல் சூரை மீன்பிடிப் படகுகள் வழங்கும் திட்டம் 2017இல் தொடங்கப்பட்டது. ஒரு படகின் விலை 80 இலட்சம் ரூபாய் எனக் கணக்கிடப்பட்டது. இதில் மத்திய அரசு 50, மாநில அரசு 20, வங்கிக் கடன் 20, மீனவர் 10 விழுக்காடு ஏற்கும் வகையில் திட்டம் அமைந்தது. மானியம் போக, மீனவர் பொறுப்பில் 8 இலட்சம் ரூபாய் கைப்பணமும் 16 இலட்சம் ரூபாய் கடனும் நின்றன. கரையோரம் ஒருநாள் தொழிலுக்குப் பழகியவர்கள் பல நாள் ஆழ்கடல் தங்கலுக்கும் புதிய கருவிகளுக்கும் பழக வேண்டியிருந்தது.

தேர்வு வரிசை

முதலில் நீரின் ஆழத்தையும் செல்லும் தொலைவையும் பார்க்க வேண்டும். அடுத்து மீன்பிடி முறை, அதன் பின் சுமையோடு சேர்த்த ஆள் எண்ணிக்கை, இறுதியில் எரிபொருளும் கடனும் எனத் தேர்வு அமைகிறது. அனைவரும் ஒரே பக்கம் நின்றாலும் விளிம்பு நீருக்கு மேல் போதிய உயரத்தில் இருக்கும் படகே அக்குழுவுக்கு ஏற்ற அளவு. கரையோர அமைதியான நீரில் ஆட்களை ஒரு பக்கமாக நிறுத்தி, உயிர்காப்பு மேலங்கியுடன் இதைச் சோதித்து அறியலாம்.