சுழலும் வட்டு, நிற்கும் சுவர்

ஜெட் எஞ்சின் டர்பைனில் பாயும் வாயு 1,500 டிகிரி செல்சியஸைத் தாண்டும். பிளேடுகளைச் சுமக்கும் நிக்கல் கலவை வட்டு அந்தச் சூட்டைத் தாங்காது. அது உடைந்தால் துண்டுகளை எஞ்சின் உறையாலும் தடுக்க இயலாது.

வட்டுக்கும் அதன் அருகே நிற்கும் சுவருக்கும் நடுவே உள்ள உட்குழிக்குள் வாயு நுழைவது, இரண்டுக்கும் இடையிலான விளிம்பு இடைவெளி வழியாக. சுழலும் வட்டு தன்னை ஒட்டிய காற்றை வெளியே வீச, அந்தக் குறையை நிரப்பச் சூடான வாயு உள்ளே இழுபடுகிறது. அசையாத வழிகாட்டித் தகடுகளுக்குப் பின்னால் அழுத்தம் ஏறி இறங்குவது அதை இன்னும் வலுவாகத் தள்ளுகிறது.

ஒன்று சுழல, மற்றொன்று நிற்பதால் இடைவெளியை முழுதும் அடைக்க முடியாது. எனவே விளிம்புகளை ஒன்றின்மேல் ஒன்று கவியச் செய்து, கம்ப்ரஸர் காற்றை உள்ளிருந்து ஊதுகிறார்கள். அந்தக் காற்றுக்கும் எரிபொருள் செலவாகிறது.

எவ்வளவு வாயு ஊடுருவுகிறது என்று அளக்க, பிரிட்டனின் பாத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்தக் காற்றில் கார்பன் டை ஆக்சைடைக் கலந்தார்கள். உட்குழியில் அதன் செறிவு குறைந்த அளவே, ஊடுருவலின் துல்லியமான கணக்கு.